அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்த கேஸ் டேங்கர் ஏன் வெடிக்கவில்லை?

கேள்வி இது: "2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி ரோட்டில் உள்ள உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் 18 டன் எல்பிஜியோடு வந்த டேங்கர் கவிழ்ந்து கேஸ் கசிந்தது. ஒரு உயிரும் போகவில்லை. அதே வருடம் செப்டம்பர் 10 அன்று மெக்சிகோ நகரத்தில் ஒரு கேஸ் டேங்கர் கவிழ்ந்து 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இரண்டும் ஒரே மாதிரி வண்டிதானே, எங்கே வித்தியாசம்? பீளமேட்டில் அவிநாசி ரோட்டை ஒட்டிக் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள் வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டியதில்லை. முதல் கேள்விக்குக் காரணம் இரண்டு. ஒன்று, தொட்டியில் விழுந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பது. இன்னொன்று, கேஸ் வெளியே வந்ததற்கும் அதில் நெருப்பு பட்டதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்த நேரத்தில் அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பது. தொட்டியின் அளவெல்லாம் இதற்கு அப்புறம்தான். கோவையில் கவிழ்ந்தது சின்ன வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். 18 டன் என்றால் 1,260 சிலிண்டருக்கு மேல் வருகிறது. மெக்சிகோ வண்டியில் இருந்தது 49,500 லிட்டர். எடைக்குக் கொண்டுவந்தால் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்குதான் இருக்கும்.

நான் சங்ககிரி, நாமக்கல் பக்கம் டேங்கர் ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. தொட்டிக்குள் அழுத்தத்தில் திரவமாகக் கிடக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாகிவிடும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், அதனால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். கோவைக்காரருக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: மழைத்தண்ணீர் எங்கெல்லாம் தேங்குமோ, கேஸும் அங்கெல்லாம் போய்த் தேங்கும். லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், அந்த அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு அடியிலேயே இருக்கிற சுரங்கப்பாதை. அப்புறம் சாக்கடை. சாக்கடைக்குள் இறங்கிய கேஸ் எந்தத் தெருவில் எந்த மூடி வழியாக வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரி 3 அன்று நான் பயந்தது மேம்பாலத்தை நினைத்து அல்ல, அதன் அடிப்பகுதியை நினைத்துத்தான்.

கசியும்போது வெள்ளையாக ஒரு மூட்டம் தெரியும். பலரும் அதுதான் கேஸ் என்று நினைக்கிறார்கள். திரவம் ஆவியாகும்போது சுற்றிலும் கடுங்குளிர் ஆகிவிடுவதால் காற்றில் உள்ள ஈரம் பனிமூட்டமாகிறது, நாம் பார்ப்பது அதைத்தான். கேஸுக்கு நிறம் கிடையாது. மூட்டம் முடிகிற இடத்தைத் தாண்டியும் அது பரவியிருக்கும். மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றம் பிடித்த ரசாயனத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்.

காற்றில் இந்தக் கேஸ் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். அதற்குக் கீழே போனாலும் பற்றாது, மேலே போனாலும் பற்றாது. தொட்டிக்குள்ளே காற்றே இல்லை, ஆகவே உள்ளே நெருப்பு இருக்க வழியில்லை. சினிமாவில் காட்டுவதுபோல லாரி உருண்டதும் தொட்டி தானாக வெடிப்பது நடக்கிற காரியமில்லை. உயிரை வாங்குவது பெரும்பாலும் வெளியே பரவிய கேஸ் மேகம். அது கசிந்த இடத்திலிருந்து விலகி எங்கோ ஓர் இஞ்சினையோ அடுப்பையோ தொடும். தொட்டவுடன் நெருப்பு அந்த மேகம் வழியாகவே திரும்பி ஓடிவரும். மேகத்துக்குள் நிற்பவருக்கு ஓட ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

மெக்சிகோவில் நடந்தது இதுதான். இஸ்தபலாபா என்ற நெரிசலான பகுதி, கான்கோர்டியா பாலத்துக்கு அடியில், மதியம் 2 மணிக்கு மேல், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் வண்டிகளுமாக இருக்கிற சந்திப்பு. வண்டி கவிழ்ந்ததில் தொட்டியே பிளந்துவிட்டது. வால்வு கசிவு என்றால் சீறிக்கொண்டு வரும், பிளந்தால் கொட்டிவிடும். வெள்ளை மூட்டம் ரோட்டை மூடுவதும், அது என்னவென்று தெரியாமல் சிலர் வண்டியோடு அதற்குள் போவதும், அடுத்த கணம் எல்லாம் பற்றுவதும் கேமராக்களில் பதிவாகியிருக்கின்றன. யாரையும் அப்புறப்படுத்த அங்கே அவகாசமே இல்லை.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான சம்பவம் 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர் பாங்க்ரோட்டாவில் நடந்தது. விடியற்காலை நேரம். அஜ்மீர் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த கேஸ் டேங்கர் மீது ஒரு லாரி மோதி, வால்வுகள் முறிந்து கேஸ் பரவியது. பின்னால் நின்ற பஸ், லாரி, கார் என்று 30க்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன, சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள். கொச்சிப் பக்கமிருந்து லோடு எடுக்கிற நம் ஓட்டுநர்களுக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது கண்ணூர் சாலா. 2012 ஆகஸ்ட் 27, இரவு நேரம், டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. ரோட்டோரத்து வீடுகள் வரை கேஸ் போய்ப் பற்றியதில் 20 பேர் இறந்தார்கள். பலர் வீட்டில் இருந்தபடியே தீக்காயம் பட்டவர்கள். ரோட்டை ஒட்டி வீடு என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

தொட்டி வெடிப்பதே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அதற்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து நெருப்பு வேண்டும். கசிந்த கேஸ் எரிந்து அந்தத் தீ தொட்டியின் உடம்பில் படுகிறது என்று வையுங்கள். உள்ளே திரவம் இருக்கிற பகுதியில் படும் சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்ளும். திரவ மட்டத்துக்கு மேலே வெறும் ஆவிதான், அங்கே படுகிற சூட்டை வாங்க ஆளில்லை. இரும்பு 500, 600 டிகிரிக்குப் போய் வலு இழந்து கிழியும். கிழிந்த கணத்தில் உள்ளே இருக்கிற திரவம் முழுவதும் ஒரே மூச்சில் கொதித்து வெளியேறிப் பற்றும். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை பிளெவி என்பார்கள். 18 டன்னுக்கு வழக்கமான சூத்திரப்படி கணக்குப் போட்டால் நெருப்புக்கோளம் ஏறக்குறைய 150 மீட்டர் குறுக்களவு வரும், பத்துப் பன்னிரண்டு விநாடி நிற்கும். அதன் வெக்கை அதைவிட வெகுதூரம் எட்டும், தொட்டியின் துண்டுகள் இன்னும் தூரம் பறக்கும். அதனால்தான் வட அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கிற அவசரக் கையேட்டில், தொட்டியில் நெருப்பு பட்டுவிட்டால் சுற்றிலும் 1,600 மீட்டருக்கு ஆட்களை விலக்கு என்று போட்டிருக்கிறது. வெறும் கசிவு மட்டும் என்றால் இந்தத் தூரம் குறையும்.

தொட்டியின் தலையில் சேஃப்டி வால்வு இருக்கிறதே என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. வண்டி நேராக நிற்கும்போது அது ஆவியை விட்டு அழுத்தத்தைக் குறைக்கும். வண்டி சாய்ந்து கிடந்தால் அதே வால்வு திரவத்துக்கு அடியில் போய்விடலாம், அப்போது ஆவிக்குப் பதில் திரவமே பீய்ச்சிக்கொண்டு வரும். தொட்டியை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடச் சொல்லும் விதியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாகெஸ் என்ற கடற்கரைக் கூடார முகாமை ஒட்டி ஒரு புரொப்பிலீன் டேங்கர் வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். அளவுக்கு மீறி நிரப்பிய வண்டி, சேஃப்டி வால்வும் கிடையாது.

சரி, கோவைக்கு வருவோம். கொச்சியிலிருந்து வந்த வண்டி. மேம்பாலத்தின் மேலேயே ஒரு ரவுண்டானா இருக்கிறது அல்லவா, அதில் திரும்பும்போது முன்வண்டியையும் தொட்டியையும் சேர்க்கிற டர்ன்டேபிள் பகுதி விட்டுப்போய் புல்லட் (அந்த உருளைத் தொட்டியைத்தான் அப்படிச் சொல்வோம்) மட்டும் தனியாகச் சாய்ந்தது. மணி விடியற்காலை 3. தொட்டியின் உடம்பு பிளக்கவில்லை, கசிவு சிறியது. ஆள் நடமாட்டம் இல்லை. தீயணைப்புத் துறை வந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது, சுற்றிலும் போக்குவரத்தை நிறுத்தினார்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு அன்று லீவு விட்டார்கள். எண்ணெய் நிறுவன ஆட்கள் வந்து கசிவை அடைத்து, கிரேன் வைத்துத் தூக்கி, வேறொரு முன்வண்டியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். முழுசாக முடியப் பகலாகிவிட்டது.

தண்ணீர் அடித்தது ஏன் என்று பலருக்குக் குழப்பம், நெருப்பே இல்லையே என்று. தூவலாக அடிக்கிற தண்ணீர் கேஸைக் கலைத்துக் காற்றோடு கலக்க வைக்கும், அதனால் அது பற்றுகிற அளவுக்குக் கீழே போகும். தொட்டியை இழுக்கும்போது இரும்பில் இரும்பு உரசிப் பொறி கிளம்பாமலும் ஈரம் காக்கும். கசிகிற இடத்தில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் விஷயம் தலைகீழ். கசிவை நிறுத்த வழியில்லாமல் அந்த நெருப்பை அணைக்கவே கூடாது. அணைத்தால் கேஸ் எரியாமல் பரவி, இன்னொரு இடத்தில் பெரிதாகப் பற்றும். எரிகிறதை எரியவிட்டுத் தொட்டியை மட்டும் குளிரவைப்பார்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டம் "ஏன் அணைக்காமல் நிற்கிறார்கள்" என்று சத்தம் போடுவது இந்த நேரத்தில்தான்.

அன்று கோவைக்கு எல்லாம் சாதகமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மார்கழி விடியற்காலையில் காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடக்கும். கேஸ் கலைவதற்கு மிக மோசமான நேரம் அது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் இதே கசிவு வெகுசீக்கிரம் கரைந்திருக்கும். ஆனால் அதே ஆடி மாதம் மாலை 6 மணிக்கு அந்த மேம்பாலத்தில் எத்தனை பஸ், எத்தனை டூவீலர், கீழே சுரங்கப்பாதையில் எத்தனை ஆட்டோ நின்றிருக்கும்? தொட்டி தாங்கியது வண்டி கட்டியவர்களின் கெட்டித்தனம், ஆட்களை விலக்கியது அதிகாரிகளின் கெட்டித்தனம். மணி 3 என்பது யாருடைய கெட்டித்தனமும் இல்லை.

பெட்ரோல் டேங்கர் இன்னொரு ரகம், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். அதில் அழுத்தம் கிடையாது, தொட்டி மெல்லியது, உள்ளே பல அறைகள் இருக்கும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றுகிற அளவு ஆவி விடும், டீசல் அப்படியில்லை. உலகத்தில் டேங்கர் விபத்துகளில் நூற்றுக்கணக்கில் செத்த சம்பவங்கள் பல பெட்ரோலில் நடந்தவை, அதுவும் கொட்டியதைப் பிடிக்கப் போய். 2017 ஜூன் 25, பாகிஸ்தானில் பகவல்பூர் பக்கம், ரம்ஜானுக்கு முந்தின நாள், கவிழ்ந்த டேங்கரிலிருந்து குடத்திலும் கேனிலும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் 200 பேருக்கு மேல் செத்தார்கள். 2021 நவம்பர் 5, சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் மோதல் நடந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பற்றியது. கூட்டம் சேர அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருந்தது. 100 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கோவையில் நேரம் கிடைத்தபோது ஆட்கள் விலகினார்கள், அங்கே நேரம் கிடைத்தபோது ஆட்கள் வந்தார்கள். ஏழைகள், பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிராய்லர் கோழி ஏற்றிய வண்டி கவிழ்ந்தால் நம் பைபாஸில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இவ்வளவு ஆபத்தான வண்டி ஊருக்குள் ஏன் வருகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். கிடங்கும் சிலிண்டர் நிரப்பும் ஆலையும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்தவை, ஊர் போய் அவற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. கொச்சிக்குப் போகிற வண்டி மதுக்கரை நீலாம்பூர் பைபாஸில் போய்விடும். ஊருக்குள் இறக்க வேண்டிய லோடு ஊருக்குள் வந்தே தீரும். இதற்கு மாற்று குழாய். பெட்ரோலும் டீசலும் கொச்சியிலிருந்து இருகூருக்கும் கரூருக்கும் குழாயில்தான் வருகின்றன. எல்பிஜிக்கும் கொச்சியிலிருந்து சேலம் வரை குழாய் என்ற திட்டம் இருக்கிறது. குழாயை எங்கே புதைப்பது என்பதில்தான் கொங்கு நாட்டில் சண்டை. கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களின் விளைநிலத்தில் 310 கிலோமீட்டருக்கு மத்திய அரசின் கெயில் நிறுவனம் குழாய் பதிக்க வந்தபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள், மாநில அரசு 2013இல் தடை போட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. அது இயற்கை எரிவாயு, நம் சிலிண்டர் கேஸ் அல்ல. ஆனால் சிக்கல் ஒன்றேதான். இருகூரிலிருந்து பெங்களூருப் பக்கம் தேவனகொந்திக்குப் போகும் எண்ணெய்க் குழாயையும் ரோட்டோரமாகக் கொண்டுபோ என்றுதான் விவசாயிகள் கேட்டார்கள். தென்னையும் கிணறும் இருக்கிற நிலத்தின் நடுவே குழாய் போனால் அந்தப் பட்டையில் மரம் வைக்க முடியாது, நிலத்தின் விலையும் போய்விடும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குழாய் வராத வரைக்கும் அதே சரக்கு லாரியில்தான் வரும் என்பதும் உண்மை. ரோட்டோரமாகப் புதைக்கச் செலவு கூடும், அந்தச் செலவை எண்ணெய் நிறுவனம் ஏற்கலாம் என்பது என் கட்சி.

அந்த லாரிகளில் பெரும்பகுதி நம் ஆட்களுடையவை. தென் மாநிலங்களுக்கு எல்பிஜி ஏற்றுகிற டேங்கர் உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. 2025 மார்ச் கடைசியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புது ஒப்பந்த விதிகள் பிடிக்கவில்லை. மாற்று ஓட்டுநர் இல்லாமல் வண்டி வந்தால் அபராதம் என்பதும் அதில் ஒன்று. வாடகை கட்டாது, ஆளும் கிடைப்பதில்லை என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் இந்த ஒரு விதியில் நான் அவர்கள் பக்கம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வாளையாறு தாண்டி, 3 மணிக்கு ரவுண்டானாவில் திரும்புகிற ஒற்றை ஆளை நம்பி 18 டன்னை ஊருக்குள் விடக் கூடாது. தொப்பூர் இறக்கத்தில் வருகிற வண்டிக்கும் இதே பேச்சுதான். அபாயப் பொருள் ஏற்றும் ஓட்டுநருக்கு 3 நாள் பயிற்சி, அப்புறம் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நாள் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், குறிப்பேடு எடுத்து எழுதிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வீடு. டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு சதுரப் பலகை இருக்கும், அதில் நான்கு இலக்க எண். 1075 என்றால் எல்பிஜி, 1203 பெட்ரோல், 1202 டீசல். தூரத்திலிருந்தே அதைப் படித்துத் தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் அவர்கள் பாதி வேலையை வண்டியிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள். படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம்.

கேஸ் வாசம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று. காற்றுக்குக் குறுக்காகவோ, டேங்கர் அந்தப் பக்கம் இல்லையென்றால் காற்று வருகிற திசையை நோக்கியோ, மேடான பக்கம் நடக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வீட்டுக்குள் வாசம் வந்துவிட்டால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. வாசம் இன்னும் வரவில்லை, தெருவில் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் அடுப்பையும் பூஜை அறை விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பலாம். போனை வாசம் இல்லாத இடத்துக்குப் போன பிறகு எடுங்கள். 112 அல்லது 101; எல்பிஜி கசிவுக்கென்றே 1906 இருக்கிறது. தொட்டியில் நெருப்பு பட்டு, வால்வுச் சத்தம் நேரம் ஆக ஆகக் கீச்சென்று ஏறிக்கொண்டே போனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். அப்போது படம் எடுக்க மாடிக்குப் போகாமல் பின்வாசல் வழியாக ஓடுங்கள், சுவர்கள் உங்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற மாதிரி. தீக்காயம் பட்டவருக்கு ஓடுகிற சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம்.

அப்பார்ட்மெண்ட் என்றால் ஒரு வேலை செய்யலாம். தரைக்குக் கீழே கார் நிறுத்துமிடம் இருந்தால், ரோட்டில் கசிவு நடக்கும்போது கேஸ் முதலில் வந்து உட்காரப்போவது அங்கேதான். கார் எடுத்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று எல்லோரும் இறங்குவதும் அங்கேதான். அவிநாசி ரோட்டுப் பக்கம் திறக்காத இன்னொரு வாசல் உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.